வலயம் வரட்டும், மலிவு விலைக்கு நம் பிள்ளைகள் இல்லை



சாதாரண தரப் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் போவதற்குள் நம் தோட்டங்களுக்கு ஒரு வேன் வரும். லயத்து முற்றத்தில் நின்று ஒருவர் பேசுவார். நல்ல சம்பளம், தங்குமிடம், ஓவர்டைம் எல்லாம் உண்டு, அடையாள அட்டை இருந்தால் போதும் என்பார். பெறுபேறு வரும் முன்பே பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் போய்விடுகிறார்கள். கணக்குப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்து உயர்தரத்துக்கு வருவாள் என்று நாங்கள் நம்பியிருந்த பிள்ளையின் பெறுபேற்றை அவளுடைய அம்மாதான் வந்து வாங்கிப் போகிறார்.

இப்போது அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு, வலயத்தை மலைநாட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்பது. தேர்தல் மேடையிலும் கேட்கிறோம், அபிவிருத்திக் கூட்டங்களிலும் கேட்கிறோம். "முதலீட்டாளர் வந்தால் உங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம்" என்கிறார்கள். நல்ல பேச்சுத்தான். நாம் அதற்கு எதிரி அல்ல. ஆனால் ஒரு வலயம் முதலீட்டாளரை எதைக் காட்டி இழுக்கிறது என்று பார்க்காமல் கை தட்டினால், பிறகு கை பிசைய வேண்டிவரும்.

முதலீட்டாளர் பார்க்கும் ஐந்து விஷயங்கள்

பணம் போட வருகிறவர் தர்மம் செய்ய வருவதில்லை. அவர் ஐந்து விஷயங்களைப் பார்ப்பார். வரிச் சலுகை எவ்வளவு? துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்? காணி, மின்சாரம், தண்ணீர் கிடைக்குமா? வேலைக்கு ஆள் கிடைக்குமா, என்ன விலைக்கு? தொழிற்சங்கத் தொந்தரவு இருக்குமா? விளம்பரத்தில் கடைசிக் கேள்வியை இப்படி எழுத மாட்டார்கள். "தொழில் அமைதி" என்று எழுதுவார்கள். இந்த ஐந்தையும் நம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சலுகை. 1978 இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கட்டுநாயக்கவில் நாட்டின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. அந்த ஆணைக்குழுதான் பிறகு 1992 இல் முதலீட்டுச் சபையானது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கம்பெனிக்கு வருமான வரி, சுங்கம், அந்நியச் செலாவணி போன்ற சட்டங்களிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு அளிக்கக்கூடிய அந்தச் சட்டங்களின் பட்டியலில் தொழிற் சட்டங்கள் இல்லை. ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை, பிரசவ விடுமுறை, தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம், சங்கம் சேரும் உரிமை, இத்தனையும் வலயத்தின் வேலிக்கு உள்ளேயும் சட்டம்தான். "இது வலயம், இங்கே வேறு சட்டம்" என்று யாராவது நம் பிள்ளையிடம் சொன்னால் அது பொய்.

சலுகைக்கு வந்தவர் சலுகையோடு போவார்

சலுகையைக் காட்டி இழுத்த தொழிலுக்கு என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். கொழும்பை விட்டுக் கிராமங்களுக்குத் தொழிற்சாலை போகவேண்டும் என்ற அந்த எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் முதலாளிமாரை அங்கே இழுத்தது குவோட்டா. அமெரிக்காவும் ஐரோப்பாவும் எந்த நாட்டிலிருந்து எத்தனை உடுப்பு வாங்கலாம் என்று அளவு வைத்திருந்த காலம் அது. கிராமத்துக்குப் போனால் கூடுதல் குவோட்டா கிடைத்தது. 2004 டிசம்பரோடு அந்த முறை உலகம் முழுவதும் முடிந்தது. குவோட்டாவை நம்பி நின்ற சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. கட்டிடம் நின்றது, மெஷின் போனது, தைத்த கைகள் வீட்டுக்குப் போயின.

பிறகு ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை வந்தது. 2010 இல் பறிபோய், 2017 இல் திரும்பக் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்களுக்கு 44 வீதம் வரி என்று அறிவித்தது. பேசிப் பேசி அந்த வருடம் ஓகஸ்டில் அது 20 வீதத்துக்கு வந்தது. இதற்கிடையே மே மாதத்தில் கட்டுநாயக்கவில் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு ஏறத்தாழ 1,400 பேர் வேலை இழந்தார்கள். வருடக்கணக்காக உழைத்தவர்களுக்கு அது திடீர்ச் செய்தியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே முதல் பாடம் இது. வரிச் சலுகைக்காக மட்டும் வருகிற தொழில், இதைவிடப் பெரிய சலுகை வேறெங்காவது கிடைத்தால் போய்விடும். வலயம் வரும்போது "எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்டால் மட்டும் போதாது. "எத்தனை வருடத்துக்கு வேலை? மூடினால் நட்டஈட்டுக்கு உத்தரவாதம் எங்கே?" என்றும் கேட்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலையை விட்டு நிறுத்துவதானால், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அதனால்தான் "இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடு, காசு உடனே தருகிறோம்" என்று அவசரப்படுத்துவார்கள். கையெழுத்துப் போடும் முன் சங்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.

பாதையும் தண்ணீரும் மின்சாரமும்

இரண்டாவது கேள்வி தூரம். இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். முதலீட்டாளர் கட்டுநாயக்கவை விரும்புவதற்குக் காரணம் உண்டு. விமான நிலையம் மதிலுக்கு அப்பால் இருக்கிறது, கொழும்புத் துறைமுகம் கிட்டத்தில் இருக்கிறது. அவிசாவளையில் சீதாவாக்கை, கண்டிப் பக்கத்தில் பல்லேகல என்று வலயங்கள் உள்நாட்டுக்கும் வந்தன. ஆனால் மலை ஏற ஏறக் கொள்கலன் லொறிக்குச் செலவு கூடும். கினிகத்தேனை வளைவுகளும், மழைக்கு மண் சரிகிற பாதையும் யாருக்கும் புதிதல்ல. கட்டுநாயக்கவில் செய்வதை அப்படியே ஹற்றனில் செய்யலாம் என்று மேடையில் சொல்கிறவர் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கூடுதல் லொறிச் செலவை யாராவது ஏற்கத்தான் வேண்டும். நாம் விழிப்பாக இல்லாவிட்டால் அதைத் தொழிலாளியின் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

அப்படியானால் மலைநாட்டுக்கு ஏற்ற தொழில் எது? விடை நம் கூடையிலேயே இருக்கிறது. நாம் பறிக்கும் கொழுந்து தோட்டத்துத் தொழிற்சாலையில் தூளாகி, சாக்கில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விற்கப்படுகிறது. கலப்பது, பொதி செய்வது, பையில் அடைப்பது, பெயர் குத்துவது எல்லாம் கொழும்பைச் சுற்றியோ கடலுக்கு அப்பாலோ நடக்கிறது. இலாபம் கூடும் இடமும் அதுதான். தேயிலைப் பொதி செய்யும் தொழிற்சாலைகளும், மரக்கறியும் பாலும் பதப்படுத்தும் நிலையங்களும், படித்த பிள்ளைகளுக்குக் கணினி வேலைத்தளங்களும் தலவாக்கலையிலும் ஹற்றனிலும் பண்டாரவளையிலும் ஏன் வரக்கூடாது? வலயம் என்றால் தையல் மெஷின் என்று மட்டும் நினைப்பது நம் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பது.

மூன்றாவது, மின்சாரமும் தண்ணீரும் காணியும். காசல்ரீ, மவுசாகலை, கெனியன், லக்ஷபான, கொத்மலை, மேல் கொத்மலை. இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கள் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டுகிறார்கள். மவுசாகலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்கு அடியில் போனது. வலயங்களில் எரியும் மின்சாரத்தில் நம் மலைத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீர் ஓடும் ஆற்றங்கரை லயங்களிலோ குழாயில் தண்ணீர் வருவது ஒரு வேளைக்குத்தான்.

காணியையும் பார்ப்போம். 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. பிறகு 53 வருடக் குத்தகை எழுதப்பட்டது. அது 2045 வரை போகிறது. வலயம் வந்தால் முதலீட்டாளருக்கும் நீண்டகாலக் குத்தகை உண்டு. இருநூறு வருடம் இந்த மண்ணில் உழைத்த நமக்கு 7 பேர்ச்சஸ் காணியும் அதற்கு ஓர் உறுதியும் என்றால் மட்டும் ஃபைல் நகர மாட்டேன் என்கிறது. தோட்டக் காணியில் வலயம் வருவதானால், அந்தக் காணியில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் உறுதி எழுதப்பட வேண்டும். வேலி அடிப்பது அதற்குப் பிறகு.

நம் பிள்ளைக்கு என்ன விலை?

நான்காவது கேள்விக்குத்தான் முதலீட்டாளர் அதிக கவனம் கொடுப்பார். எழுத வாசிக்கத் தெரிந்த, இலகுவில் பழக்கக்கூடிய, குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர் யுவதிகள் தாராளமாக இருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்வார்கள். எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள். குறைந்த சம்பளத்துக்கு என்று நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்தக் குறைந்த சம்பளம் எங்கிருந்து வருகிறது? தோட்டத்தில் இருந்துதான். 2021 இல் நம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024 இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பெனிகள் நீதிமன்றம் போயின, அந்த வருடம் செப்டெம்பரில் 1,350 இல் நின்றது. அந்தச் சம்பளத்தில் மாதம் 20 நாள் வேலை கொடுத்தால் 27,000 ரூபாய். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 ரூபாய் போனால் மிச்சம் 24,840. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் அதுவும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமும் அதே 27,000 ஆகத்தான் இருந்தது. 2026 ஜனவரியில் அது 30,000 ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது. தோட்டத்தில் சம்பளத்தைக் குறைத்து வைத்திருக்கும் வரை, வலயத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் நம் பிள்ளை போவாள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு சம்பளமும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு வாளி.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி போன தீபாவளிக்கு வந்தபோது தன் சம்பளச் சீட்டைக் காட்டினாள். அப்பாயி இறந்ததற்கு ஒரு நாள் லீவு எடுத்திருந்தாள். அந்த ஒரு நாளுக்காக மாதம் முழுவதற்குமான வரவுக் கொடுப்பனவு வெட்டப்பட்டிருந்தது. போடிங்கில் ஓர் அறையில் ஐந்து பேர். மணிக்கு மணி டார்கெட். டார்கெட் முடியாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்து போகவும் பயம். "சேர், மலையில கங்காணி கத்தினா திருப்பிச் சொல்ல பக்கத்து நிறையில சித்தி இருப்பாங்க. அங்க யாரும் இல்ல" என்றாள். நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. எதில் கையெழுத்துப் போட்டோம் என்று இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாது. 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அந்தத் தமிழ் நம் பிள்ளையின் நியமனக் கடிதம் வரை இன்னும் போய்ச் சேரவில்லை.

அவளாவது நியமனக் கடிதம் பெற்றவள். "மேன்பவர்" காரர் மூலம் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. இன்று ஒரு தொழிற்சாலை, நாளை இன்னொன்று. மாலையில் கையில் காசு, சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. பணிக்கொடைக்கு ஒரே இடத்தில் 5 வருடச் சேவை வேண்டும். ஐந்து வருடம் ஒரே இடத்தில் நிற்க விடாததுதான் மேன்பவர் முறையின் வசதி. வசதி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

"அமைதி" என்றால் என்ன?

ஐந்தாவது கேள்வி தொழில் அமைதி. நம் நாடு சங்கம் சேரும் உரிமை பற்றிய 87ஆம் இலக்கச் சர்வதேச சமவாயத்தை 1995 இலும், கூட்டுப் பேரம் பற்றிய 98ஆம் இலக்கச் சமவாயத்தை 1972 இலும் ஏற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரில் 40 வீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பது குற்றம் என்கிறது. 1935 இல் வந்த தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். இத்தனை சட்டம் இருந்தும் வலயத்தின் வாசலில் காவலாளி நிற்கிறார், அனுமதி இல்லாமல் அமைப்பாளர் உள்ளே போக முடியாது. சங்கத்துக்குப் பதிலாக ஊழியர் சபை என்று ஒன்றை வைத்து, அதைப் போதும் என்கிறார்கள்.

பேச வழி அடைத்தால் அமைதி வருமா? 2011 மே 30 அன்று தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகக் கட்டுநாயக்க வலயத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. நமக்கு இது புதிய கதையா? 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்தார். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். இருவருக்கும் நடுவே 71 வருடம். இரண்டு பேரும் கேட்டது தங்கள் உழைப்பின் காசை. பேசி முடிக்கச் சங்கமும் அதைக் கேட்க நிர்வாகமும் இருக்கும் இடத்தில்தான் உண்மையான அமைதி உண்டு.

"அதிகம் கேட்டால் ஓடிவிடுவார்கள்"

இப்படிச் சொல்கிறவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள். சம்பளம், சங்கம், சட்டம் என்று பேசினால் முதலீட்டாளர் பங்களாதேஷுக்கோ வியட்நாமுக்கோ போய்விடுவார் என்கிறார்கள். பயம் நியாயமானது, பதில் சொல்லத்தான் வேண்டும்.

மலிவில் பங்களாதேஷை நம்மால் வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவரில் வெடிப்பு என்று தெரிந்தும் உள்ளே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மலிவுப் போட்டி போய் நிற்கும் இடம் அது. நம் நாட்டு ஆடை உற்பத்தியாளர்களே வெளிநாட்டில் விற்கும்போது "குற்றவுணர்வற்ற ஆடைகள்" என்று விளம்பரம் செய்தார்கள். சிறுவர் வேலை இல்லை, சட்டம் மதிக்கப்படுகிறது என்று காட்டித்தான் நல்ல விலை கேட்டார்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையும் 87, 98 போன்ற சமவாயங்களை மதிப்பதைப் பொறுத்தே இருக்கிறது. அதாவது தொழிலாளியின் உரிமைதான் இந்த நாட்டுக்கு முதலீட்டைக் கொண்டுவரும் சரக்கு. வெளிநாட்டில் அதைக் காட்டி விலை பேசிவிட்டு, உள்ளூரில் அதையே தொந்தரவு என்பது என்ன நியாயம்?

நல்ல முதலீட்டாளருக்கு நிலையான தொழிலாளர் வேண்டும், பழகிய கை வேண்டும். ஐந்து பேர் ஓர் அறையில் படுத்து இரத்தசோகையோடு வருகிற பிள்ளை பழகிய கை ஆகும் முன்பே ஓடிவிடுவாள். நாம் கேட்பதைக் கொடுத்தால் அவருக்கும் நட்டமில்லை. கொடுக்க முடியாது என்கிறவர் வராமல் இருப்பதில் நமக்கு நட்டமில்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு கேள்வி

மற்றவர்களைக் கேட்டது போதும், நம்மையும் கேட்போம். ஒரு பெண் கொழுந்து பறிக்கும்வரை அவள் நம் உறுப்பினர். சந்தா பிடிக்கிறோம், கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். அவளுடைய மகள் கட்டுநாயக்கவுக்கு பஸ் ஏறியதும் நாம் கையை விட்டுவிடுகிறோம். "தோட்டத்தில் ஆள் குறைகிறது" என்று கம்பெனிக்காரரோடு சேர்ந்து நாமும் புலம்பியிருக்கிறோம். போன பிள்ளை எந்தத் தொழிற்சாலையில், எந்தப் போடிங்கில் இருக்கிறாள் என்று எத்தனை தோட்டத் தலைவர்களுக்குத் தெரியும்? வலயத்தில் வேலை செய்யும் சங்கங்களோடு, சிங்களத் தொழிலாளரோடு, நாம் எத்தனை தடவை உட்கார்ந்து பேசினோம்? இந்தக் குறை நம்முடையது. திருத்த வேண்டியவர்களும் நாமே.

ஆகவே அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று வேலைகளைத் தொடங்குவோம்.

ஒன்று: ஒவ்வொரு லயத்திலும் வலயங்களுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் விபரத்தை ஒரு கொப்பியில் எழுதுவோம். எந்த வலயம், நேரடி வேலையா மேன்பவரா, சேமலாப நிதி இலக்கம் உண்டா என்று கேட்போம்.

இரண்டு: லீவுக்கு வரும் பிள்ளைகள் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கொண்டுவரட்டும். ஞாயிறு காலையில் வாசித்துத் தமிழில் சொல்ல ஆசிரியர்கள் நாங்கள் தயார். சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் என்று எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

மூன்று: மலைநாட்டில் வலயம் என்று பேசி யார் வந்தாலும் நம் நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்போம். குடும்பத்துக்குக் காணி உறுதி, நேரடி நியமனம், தமிழில் கடிதம், சங்கத்துக்குத் திறந்த வாசல், தேயிலையின் பெறுமதியைக் கூட்டும் தொழில், மூடினால் நட்டஈட்டுக்கு முன்கூட்டியே வைப்பு. இதற்கு "ஆம்" என்றால் மாலை போட்டு வரவேற்போம்.

இந்த வருடம் பரீட்சை முடிந்த பிறகும் அந்த வேன் வரும். வேனில் ஏறவேண்டாம் என்று எந்தப் பிள்ளையையும் தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் ஏறுகிற பிள்ளை தன் சட்டம் தெரிந்து, சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறட்டும். பெறுபேறு வரும்வரை பொறுக்கச் சொல்லித் தாய்மார் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேன் அடுத்த மாதமும் வரும். உயர்தர வகுப்பில் சேரும் வாய்ப்பு அப்படி மாதாமாதம் வராது.